அம்மா வாயில் வராத பெயர்

போன வாரம் கண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். நம் வயதில் கோயிலுக்குப் போகிறோமோ இல்லையோ, அங்கே போய் வரிசையில் உட்கார்ந்துவிடுகிறோம். கண்ணில் மருந்து விட்டு மூடிக்கொண்டிருக்கச் சொல்லியிருந்தார்கள். உள்ளேயிருந்து நர்ஸ் பெண், "தில்லை! தில்லைம்மா யாரு?" என்று கூப்பிட்டாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் பாட்டுக்கு இருந்தேன். மறுபடி கூப்பிட்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைத் தொட்டு, "ஒங்க சீட்டுல தில்லன்னுதான போட்டிருக்கு?" என்றாள். உள்ளே போனதும் நர்ஸ், "பாட்டி, கண்ணோட காதையும் சேத்துப் பாத்துடலாமா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

காதில் ஒரு கோளாறும் இல்லை. என் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும், அது வேறு யாரையோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். பள்ளிக்கூடத்தில், வேலை பார்த்த ஆபீசில், புருஷன் வீட்டில், எல்லா இடத்திலும் இப்படித்தான். திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கியதுதான் மிச்சம். அது திமிர் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் காலத்து ஆட்களுக்கு நான் பாதி சொன்னாலே மீதி விளங்கிவிடும்.

என் தம்பியின் பேத்தி இப்போது மாசமாக இருக்கிறாள். போனைத் தடவித் தடவிப் பிள்ளைக்குப் பெயர் தேடுகிறாள். இரண்டெழுத்து, போனால் மூன்றெழுத்து, அதற்கு மேல் கூடாதாம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அவள் என்னிடம், "அத்தப் பாட்டி, ஒங்க பேரு ஷார்ட்டா நல்லாருக்கே, அதுக்கு என்னா அர்த்தம்?" என்று கேட்டாள். "மரம்" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் சொல்லியிருப்பேன்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாங்கள் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், துறைமுகத்துக்குப் போகிற தெருவில் குடியிருந்தோம். பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும். மூட்டைகளைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். அப்பா அந்தப் படகுகளுக்கு மேஸ்திரி. அவருக்கு முன்னால் அவருடைய அப்பா மேஸ்திரி. தெரு முழுக்க மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்து அடிக்கும். அப்பா விடியற்காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். வந்தாலும் பேச்சு குறைவு. கடலில் கத்திக் கத்தி ஓய்ந்துபோன தொண்டை, வீட்டில் எதற்கு வேலை செய்யப்போகிறது.

தாத்தா நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் போய்விட்டார். அவர் பெயர்தான் தில்லை. முதல் பிள்ளை ஆணாகப் பிறக்கும், தன் அப்பா பெயரை வைக்கலாம் என்று காத்திருந்த என் அப்பாவுக்கு நான் வந்து சேர்ந்தேன். ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும் பெயர் என்று சொல்லி அதையே எனக்கு வைத்துவிட்டார். தன் அப்பாவின் மேல் அவருக்கு அவ்வளவு பாசம். ஆனால், அந்தப் பெயரைத் தினமும் கூப்பிட வேண்டியவள் யார் என்று அவர் யோசிக்கவில்லை.

உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த மருமகள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள், மாமனார் பெயரையும் சொல்ல மாட்டாள். பிள்ளைக்குப் பெரியவர் பெயரை வைத்தால், வீட்டில் கூப்பிட வேறொரு பெயர் வைத்துக்கொள்வார்கள். செல்லம், பாப்பா, ராணி என்று ஏதாவது. அப்பா அதற்கும் ஒப்பவில்லை. "எங்கப்பா பேர வச்சிட்டு அத மூடி மறைக்கிறதா? வேற பேரு சொல்லி யாரும் கூப்புடக் கூடாது" என்று சொல்லிவிட்டாராம். அப்பா சொன்ன சொல்லை அம்மா மீறியதில்லை. ஆக, அம்மாவுக்கு என்னைக் கூப்பிட ஒரு பெயரும் இல்லாமல் போனது.

இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எல்லாருக்கும் தெரியும் என்பதாலேயே எனக்கு யாரும் சொல்லவில்லை. தாத்தாவுக்குத் தாத்தா என்றுதான் பெயர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா என்னை "இந்தா" என்பாள். "இங்க பாரு" என்பாள். தெருக்கோடியில் விளையாடிக்கொண்டிருந்தால் வாசலில் வந்து நின்று கை தட்டுவாள். அம்மாவின் கைதட்டல் எனக்குத் தனியாகத் தெரியும். ஈரக் கையால் தட்டுகிற சத்தம் அது, கொஞ்சம் மொத்தையாகக் கேட்கும். எத்தனை இரைச்சலிலும் அது காதில் விழும். மற்றப் பிள்ளைகளை அவரவர் அம்மாக்கள் பெயர் சொல்லிக் கத்துவார்கள். என்னைக் கை தட்டிக் கூப்பிடுவாள். கோழிகளைக்கூட எங்கள் தெருவில் பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள்.

தம்பி பிறந்தபோது அப்பாவுக்கு வைக்க வேண்டிய பெயர் தீர்ந்துபோயிருந்தது. அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பாபு. அவனும் ஒரு பாபு ஆனான். அம்மாவுக்கு வாய் திறந்துவிட்டது. காலையில் எழுந்ததிலிருந்து "பாபு, பாபு, பாபுக்கண்ணு, டேய் பாபு" என்று ஒரே பாட்டு. அடுப்பில் சோறு பொங்குகிற நேரத்தில்கூடக் காரணம் இல்லாமல் ஒரு தடவை "பாபு" என்பாள். அவன் திரும்பிப் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அடுத்தது என் முறை என்று காத்திருப்பேன். வராது. அம்மாவுக்கு என்னைப் பிடிக்காது என்று அந்த வயதில் முடிவே கட்டிவிட்டேன்.

எங்கள் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களில் எல்லாம் புள்ளி புள்ளியாகத் "தில்லை" என்று வெட்டியிருக்கும். அண்டா, குடம், தவலை எல்லாவற்றிலும். பள்ளிக்கூடத்தில் எழுத்து படிக்கக் கற்றதும் அதைக் கண்டுபிடித்தேன். அவ்வளவும் எனக்காக வாங்கியவை என்று நினைத்தேன். அம்மா புளியும் சாம்பலும் போட்டு அந்த அண்டாவைத் தேய்க்கும்போது எழுத்துள்ள இடத்தில் மட்டும் மெதுவாகத் தேய்ப்பாள். சொல்லத்தான் மாட்டேன் என்கிறாள், தேய்க்கவாவது தேய்க்கிறாளே என்று இருக்கும். பின்னாளில் எவர்சில்வர் வந்தபோது அத்தனையும் எடைக்குப் போய்விட்டன. அந்த அண்டா ஒன்றையாவது வைத்துக்கொண்டிருக்கலாம்.

மூன்றாம் வகுப்பு படிக்கையில், மார்கழி லீவில், சிதம்பரத்தில் இருந்த மாமா எங்களைத் தேருக்குக் கூப்பிட்டிருந்தார். மாமா அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. மேல வீதிப் பக்கம் ஒரு சந்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அப்பாவுக்குக் கப்பல் வந்திருந்ததால் அவர் வரவில்லை. அம்மா, நான், தம்பி மூவரும் ரயிலில் போனோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக அம்மா தம்பிக்குப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். கரித்தூள் கண்ணில் விழுந்து நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். "இந்தா, கண்ணக் கசக்காத" என்று முந்தானையைச் சுருட்டி ஊதி ஒத்தடம் கொடுத்தாள். அந்தச் சூடு நன்றாக இருந்தது. பெயர் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சிதம்பரத்தில் இறங்கியதும் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. ஓ.டி. பள்ளிக்கூடத்தில் என் பெயர் எனக்கு மட்டும்தான். வாத்தியார் "தில்லை" என்று ஆஜர் கூப்பிட்டால் பின் பெஞ்சு முழுக்க "இல்லை" என்று கத்தும். சிதம்பரத்திலோ ஸ்டேஷனில் வண்டிக்காரர் தில்லை, மாமா வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் தில்லை, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பையன் தில்லை. எதிர் வீட்டுக் கைக்குழந்தையும் தில்லை.

"இந்த ஊர்ல ஒரு கல்ல விட்டெறிஞ்சா நாலு தில்ல மேல படும்" என்றார் மாமா. "பேருக்கு இங்க பஞ்சம் பாரு, எல்லாரும் ஒண்ணையே வச்சிக்கிட்டோம்."

அத்தை, அதாவது மாமாவின் சம்சாரம், என்னை வாய் நிறையக் கூப்பிடுவாள். "தில்ல, சாப்ட்டியா? தில்ல, தலைய வாரிவுடட்டா? தில்ல, இந்தப் பூவ வச்சிக்க." நான் அவள் பின்னாலேயே சுற்றினேன். அம்மா சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையை அன்றைக்கு நான் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்துப் பார்த்தால் அது கோபமே இல்லை என்று தெரிகிறது.

மாமா ஒருநாள் என்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் கிள்ளை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். உப்பங்கழி ஓரத்தில், சேற்றில் கால் ஊன்றியபடி, இலை பளபளவென்று கொஞ்சம் மரங்கள் நின்றன.

"இதான் ஒன் பேரு. தில்ல மரம்" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொடப் போனேன். மாமா கையைப் பிடித்து இழுத்தார்.

"கிட்ட போகாத, புள்ள. கிளைய ஒடிச்சா பாலு வரும். அது கண்ணுல பட்டா கண்ணே போயிடும்பாங்க. வெறகுக்குக்கூட வெட்ட பயப்படுவாங்க. ஒரு காலத்துல சிதம்பரமே இந்த மரமா இருந்துச்சாம். அதான் ஊருக்கும் இந்தப் பேரு."

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். எனக்கு விடை கிடைத்துவிட்டது. என் பெயர் விஷம். அதனால்தான் அம்மா அதை வாயில் எடுப்பதில்லை. தம்பியைக் கொஞ்சுகிற வாய், முத்தம் கொடுக்கிற வாய், விஷத்தைச் சொல்லுமா என்ன. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, என் பேரு விஷமா?"

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் அப்படியே நின்றது. "யாரு சொன்னது? அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. நல்ல பேரு. பெரிய மனுசங்க பேரு" என்றாள். அப்புறம் மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். எந்தப் பெரிய மனுசர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

மறுநாள் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைக்குத் தீட்சிதர் பெயர் கேட்டார். அம்மா "பாபு" என்றாள். அப்பா பெயருக்கு மாமாவைப் பார்த்தாள், மாமா சொன்னார். என் முறை வந்ததும் அம்மா என் முதுகில் விரலால் இடித்தாள். "நீயே சொல்லு." நானே சொன்னேன். சாமி முன்னால்கூடவா என்று எனக்கு அழுகை வந்தது. புருஷன் பெயரைச் சொல்லாதது மரியாதை என்று எனக்குத் தெரியும். எட்டு வயதுப் பெண்ணுக்கு எதற்கு மரியாதை? அர்ச்சனைத் தேங்காய் மூடியை நான்தான் சுமந்துகொண்டு வந்தேன். வழியெல்லாம் அம்மா தம்பியோடு பேசிக்கொண்டே வந்தாள்.

அதற்கு அடுத்த நாள் தேர். கீழ வீதியில் நிற்க இடமில்லை. கிராமத்து ஜனம் வண்டி கட்டிக்கொண்டு காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்தெல்லாம் வந்திருந்தது. தம்பி அம்மாவின் இடுப்பில் இருந்தான். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமாவும் அத்தையும் முன்னால் போனார்கள். வடம் நகர்ந்ததும் கூட்டம் ஒரே தள்ளாகத் தள்ளியது. முந்தானை கையை விட்டுப் போய்விட்டது. எட்டிப் பிடித்தேன், அது வேறு யாருடைய புடவையோ. அந்த அம்மாள் திரும்பி, "யாரு புள்ள நீ?" என்று கேட்டுவிட்டு அவள் வழியே போய்விட்டாள்.

வீதியோரத்தில் தரையில் சாக்கை விரித்து ஒரு வளையல்காரம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "அழுவாத. இங்கியே இரு. தேடிக்கிட்டு வருவாங்க" என்றாள். ஒரு பொட்டலம் பொரி கொடுத்தாள். பச்சை வளையல் ஒன்றைக் கையில் போட்டுவிட்டாள். அது பெரிதாக இருந்தது, முழங்கை வரை ஏறியது. நான் அழவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா கை தட்டுவாள், தட்டினால் எழுந்து ஓடலாம் என்று காத்திருந்தேன். மேளம், சங்கு, தேர்ச் சக்கரத்தின் கடகடப்பு, ஊதல் விற்கிறவனின் ஊதல் எல்லாம் கேட்டது. கைதட்டல் மட்டும் கேட்கவில்லை.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "தில்ல! ஏ தில்ல! அடி தில்ல!" என்று வயிற்றிலிருந்து கத்துகிற குரல். கிழிந்த குரல். எதிரே கரும்பு விற்றுக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தான். குடுமி வைத்த ஒரு பையன் திரும்பினான். ஒரு கிழவர், "யாரும்மா, என்னையா?" என்றார். ஊரே திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. நான் திரும்பவில்லை.

வளையல்காரம்மாள் கேட்டாள். "ஒன் பேரு என்னா கண்ணு?"

"தில்லை."

"ஐயோ, ஒன்னத்தான் கூப்புடறாங்களோ என்னமோ! எழுந்து பாரு."

"இல்ல. எங்கம்மா அப்படிக் கூப்புட மாட்டாங்க" என்றேன்.

எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் தெரியுமா. அவளும் நம்பிவிட்டாள். "ஆமா, இந்த ஊர்ல பாதி அந்தப் பேருதான்" என்றாள். அந்தக் குரல் எங்களைத் தாண்டி, தெற்கு வீதிப் பக்கம் போய்த் தேய்ந்தது. யார் பெற்ற பிள்ளையோ, அவள் அம்மா எப்படிக் கூப்பிடுகிறாள் பார் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. பொரியைத் தின்றுகொண்டு, அந்தப் பிள்ளை கிடைத்துவிட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்த பிறகு மாமாதான் என்னைக் கண்டுபிடித்தார். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து தூக்கிக்கொண்டார். தூக்கிய வேகத்தில் வளையல் எங்கோ தட்டி உடைந்துபோனது.

"காது அடைச்சிருச்சா ஒனக்கு?" என்று திட்டினார். "நாலு வீதியும் ஒங்கம்மா ஒன் பேரச் சொல்லிக் கத்திக்கிட்டு ஓடுறா. தொண்டையே போயிருச்சு. நீ இங்க பொரி தின்னுக்கிட்டிருக்க."

எனக்கு முதலில் புரியவே இல்லை. "எந்தம்மா?" என்று கேட்டேன். மாமா என்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்தார்.

வீட்டுக்குப் போனோம். அம்மா என்னைப் பிடித்து நாலு வைத்தாள். அப்புறம் இறுக்கிக்கொண்டாள். பேச வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. என்னை அத்தையிடம் தள்ளிவிட்டு, கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்தாள். திரும்ப வந்து சாமி விளக்கின் முன்னால் நின்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "மன்னிச்சிக்குங்க மாமா. புள்ளயக் காணாத பதட்டத்துல சொல்லிட்டேன். மன்னிச்சிக்குங்க" என்று அந்தப் போன தொண்டையில் சொன்னாள்.

அம்மா யாரை மாமா என்கிறாள் என்று அத்தையிடம் கேட்டேன். அத்தை என்னை மடியில் வைத்துக்கொண்டு, "ஒங்க தாத்தாவத்தான். அவுரு பேருதானடி ஒனக்கு. ஒனக்குத் தெரியாதா?" என்றாள். ஓ.டி. வீட்டு அண்டா, அர்ச்சனைத் தட்டு, கைதட்டல் எல்லாம் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கின. தேர் வீதியில் போன குரலும் விளங்கியது. அத்தை மடியிலிருந்து இறங்காமல் நான் அழுதேன். தொலைந்துபோன பயத்தில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

மறுநாள் திருவாதிரை. அத்தை களி கிண்டிக்கொண்டிருந்தாள், வீடெல்லாம் வெல்ல வாசனை. அம்மா மிளகுப் பால் குடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் மெதுவாகப் போய் ஒட்டிக்கொண்டேன்.

"அம்மா, ஒரே ஒரு வாட்டி கூப்புடு. யாருக்கும் கேக்காம, என் காதுல."

அம்மா என்னைப் பார்த்தாள். உதடு அசைகிற மாதிரி இருந்தது. பிறகு உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. சிரிக்கவும் செய்தாள்.

"அதான் கூப்ட்டாச்சேடி" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவே இல்லை. எனக்குக் கல்யாணம் ஆனபோதும் இல்லை, எனக்குப் பிள்ளை பிறந்தபோதும் இல்லை. அப்பா காலமான பிறகுகூட அந்தப் பழக்கத்தை விடவில்லை. கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்தபோது என்னைப் பார்க்க வேண்டும் என்றால் கட்டில் சட்டத்தை விரலால் தட்டுவாள். தம்பியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். தட்டும் சத்தம் கேட்டால் நான் எந்த அறையில் இருந்தாலும் ஓடி வருவேன். அவளுக்கு என் மேல் பாசம் இல்லை என்று அப்புறம் நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்தக் குறை தீர்ந்துவிட்டது. வேறொன்று தீரவில்லை.

கூப்பிட்டாகிவிட்டது என்று அவள் சொன்னது உண்மைதான். நாலு வீதியிலும் கூப்பிட்டாள், என் காதிலும் விழுந்தது. கண் ஆஸ்பத்திரியில் மருந்து விட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோதுகூட அந்தக் குரலை நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். எப்போதும் வருவது போலத் தெளிவாக வந்தது. "அடி தில்ல" என்ற அந்தக் கத்தல் முழுசாகக் கேட்கிறது. ஆனால் அது அம்மாவின் குரலாக வருவதில்லை. அன்றைக்குக் கேட்டபடியேதான், யாரோ ஒரு பெண் தன் பிள்ளையைக் கூப்பிடுகிற குரலாக வருகிறது.